தேயாத வாசற்கல்

காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போன புருஷன் பத்து மணிக்கே திரும்பி வந்து கடை வாசலில் நின்றால் எந்தப் பெண்சாதிக்கும் கைவேலை ஓடாது. சித்தி பரீதா அப்போது இறக்கக்கண்டியிலிருந்து வந்த கரைவலைக்காரர் ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே கயிற்றை இழுத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பாகம் எண்ணிக்கொண்டிருந்தவள் புருஷன் அபூதாஹிரின் முகத்தைக் கண்டதும் எண்ணிக்கையைத் தவறவிட்டாள்.

"என்ன, லோஞ்ச் இண்டைக்கு ஓடல்லையா?"

"லோஞ்ச் ஓடுது. நான்தான் ஓட்டக் கூடாதாம்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். கடிதம் இங்கிலீசில் இருந்தது. துறைமுகக் கந்தோர் கிளாக்கர் அவனுக்கு வாசித்துச் சொன்னதை அவன் அவளுக்குச் சொன்னான். பழைய காலத்துக் கோயில் கற்களைக் களவாக எடுத்து வந்து தன் வீட்டு வாசலில் பதித்திருப்பதாக அவன்மேல் சந்தேகம். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். வெள்ளிக்கிழமை பொலிசோடு வந்து கல்லைக் கிளப்புவார்கள்.

கள்ளன்! பதினாறு வருஷம் துறைமுக லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்தவன், கப்பலிலிருந்து விழுந்து மிதந்த ஒரு பலகைத் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவன், அவன் கள்ளனாம். சித்தி பரீதா கயிற்றைக் கீழே போட்டாள். கரைவலைக்காரர் இந்த நேரத்தில் கயிறு கேட்பது சரியில்லை என்று விளங்கி, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"உங்களுக்கு வாய் இல்லையா? அந்தக் கிளாக்கருக்கிட்டச் சொல்றதுதானே, அது என்ட மூத்தவாப்பாட வாப்பா காலத்துக் கல்லெண்டு?"

"சொன்னனான். கடிதத்தில இருக்கிறதுதான் கணக்காம்."

அந்த வாசலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அநியாயம் விளங்காது. உள்துறைமுக வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையின் மூலையில் நிற்பது அந்த வீடு. முன்னறை கயிற்றுக் கடை, பின்னறை வீடு, அதற்கும் பின்னால் குசினி, அவ்வளவுதான். சுவரெல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஆனால் வாசல் மட்டும் கருங்கல். இரண்டு பக்கமும் எட்டுப் பட்டை தீட்டிய தூண்கள். கொத்தன் அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாக நட்டுவிட்டதால் அதன் தாமரைப்பூ தரையில் கிடக்கும். கீழே வாசலுக்குக் குறுக்கே ஒரு நீளக் கல், அதன் மேல்முகத்தில் இரண்டரை வரி பழைய தமிழ் எழுத்து. கல்லுக்கு உள்ளே செங்கல் தரை, வெளியே ஒழுங்கைக்கு இறங்க ஒரு செங்கற்படி. முந்தி ஆண்ட பறங்கியர் ஊரின் பெரிய கோயிலை இடித்த பிறகு அதன் கற்கள் ஊரெல்லாம் எங்கெங்கோ போய்க் கிடந்தன என்பது திருகோணமலையில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சித்தி பரீதாவின் மூத்தவாப்பாவின் வாப்பா வீடு கட்டியபோது கிடந்த கல்லை எடுத்துக் கட்டினார். அவர் மௌத்தாகி எண்பது வருஷத்துக்கு மேல். களவென்று பிடிப்பதானால் மையவாடியில் போய்த்தான் அவரைப் பிடிக்க வேண்டும்.

மூன்று கிழமைக்கு முன்னர்தான் கொழும்பிலிருந்து ஒரு கந்தோர்க்காரர் வந்தார். தில்லையம்பலம் என்று பெயர். ஊரிலுள்ள பழைய கட்டடங்களை அளந்து படம் கீறிப் பதிவுசெய்வது அவருடைய வேலை. உதவிக்கு, படம் கீறும் ஹெக்டர். ஹெக்டர் இந்த ஊர் ஆள், மாதா கோயிலடியில் வீடு. இரண்டு பேரும் இரண்டு நாள் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள். சித்தி பரீதா பெருமையில் தலைகால் தெரியாமல் நின்றாள். தூண்களைத் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அளவு நாடாவின் ஒரு நுனியைத் தானே பிடித்துக் கொடுத்தாள். பகலுக்கு மீன் ஆணமும் சோறும் போட்டாள். பெரியவர் தில்லையம்பலம் இரண்டாம் முறையும் ஆணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"என்ட மீனைத் திண்டு போட்டு என்ட புருஷனைக் கள்ளனெண்டு எழுதியிருக்கிறான். இருங்க, வாறன்."

"எங்க போறீங்க?"

"எழுதினவங்க எங்க இருக்கிறாங்களோ அங்க."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஒழுங்கையில் இறங்கினாள். எதிர்வீட்டுப் புஷ்பவதி படலையைப் பிடித்தபடி, "என்னடி பரீதா, ஆரோட சண்டைக்குப் போறாய்?" என்று கேட்டாள். "கவர்மெந்தோட" என்றாள் இவள், நிற்காமலே.

அரசாங்கக் கச்சேரிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையைத்தான் ஹெக்டருக்குக் கொடுத்திருந்தார்கள். பெரிய மேசை, அதன்மேல் விரித்த தாள்கள், நாலு மூலைக்கும் நாலு கல். சித்தி பரீதா உள்ளே வந்த வேகத்தில் ஹெக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"ராத்தா, இருங்கோ..."

"இருக்க வரல்ல. நீங்க ரெண்டு பேரும் எங்கட வீட்டைப் பற்றி என்ன எழுதி வச்சிருக்கிறீங்க? வாசியுங்க. இங்கிலீசில வேணாம், தமிழில வாசியுங்க."

ஹெக்டர் தயங்கினான். அவள் போக மாட்டாள் என்று தெரிந்ததும் அலுமாரியைத் திறந்து பதிவுக் கோவையை எடுத்தான். சுவரைப் பற்றி, ஓட்டைப் பற்றி, தூண்களின் உயரத்தைப் பற்றி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு வாசற்கல் வந்தது. அவன் சொல்லைத் தேடித் தேடி வாசித்தான்.

"வாசற்கல்லில் உள்ள எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. தேய்வு சற்றும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக நாளாந்தம் மிதிபட்ட கல் இப்படி இருக்க முடியாது. நாளாந்தம் மிதிபடுவதாகத் தற்போதைய குடியிருப்பாளரே சொல்கிறார். ஆகவே இந்தக் கல் அண்மையில், பெரும்பாலும் கடந்த பத்து வருஷத்துக்குள், வேறு இடத்திலிருந்து களவாகக் கொண்டுவந்து பதிக்கப்பட்டது. இதைச் செய்தவர் தற்போதைய குடியிருப்பாளர் எனச் சந்தேகிக்க இடமுண்டு."

சித்தி பரீதாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் மேசையில் அடித்த அடியில் ஒரு கல் உருண்டு விழுந்தது, தாள் சுருண்டுகொண்டது.

"ஆர் மிதிச்சது அந்தக் கல்லை? சொல்லுங்க பாப்பம், ஆர் மிதிச்சது? எழுத்து இருக்கிற கல்லை ஆரும் மிதிப்பாங்களா? எங்கட வீட்டில பிறந்த பிள்ளை தவழ்ந்து வரக்கையே தூக்கி அங்கால விடுவம். நடக்கப் பழகினாக் கடந்து போகப் பழக்குவம். அது தமிழெழுத்தோ அறபெழுத்தோ, எழுத்தெண்டா எழுத்துத்தான். கயிறு வாங்க வாறவங்களும் கடந்துதான் வருவாங்க. இதெல்லாம் ஒருத்தருக்குச் சொல்லவும் வேணுமா?"

ஹெக்டர் கோவையை மேசையில் வைத்தான். அவனுடைய முகம் மாறியதை அவள் கண்டாள். அவனும் அந்த இரண்டு நாளும் கல்லை மிதிக்காமல்தான் போய் வந்திருக்கிறான். சின்ன வயதில் அவளுடைய வாப்பாவின் கடைக்குத் தூண்டில் கயிறு வாங்க வந்த பழக்கம். மூச்சு விடுவதை யார்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்?

"பிறகேன் உங்கட மனிசன் 'ஓம்' எண்டு சொன்னவர்?" என்றான் ஹெக்டர் மெதுவாக.

அதுதான் கதையே. சித்தி பரீதாவுக்கு அந்தக் காட்சி அப்படியே ஞாபகம் வந்தது. பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, "எல்லாரும் இந்த வாசலாலதானே போய் வாறது?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றான் அபூதாஹிர். "ஒவ்வொரு நாளும் இந்தக் கல்லை மிதிச்சுத்தானே?" என்றார். "ஓம் சேர்." பதினாறு வருஷமாகத் துறைமுகத்து ஐயாமாருக்கு 'ஓம் சேர்' சொல்லிச் சொல்லி அந்த மனிசனின் நாக்கு அப்படியே பழகிப்போயிற்று. உமக்குத் தலையில் கொம்பிருக்கிறதா என்று கேட்டிருந்தாலும் ஓம் சேர் என்றுதான் சொல்லியிருப்பான். வீட்டுக்குப் போய் அவனோடும் ஒரு சண்டை பிடிக்க வேண்டும் என்று அவள் முடிவுசெய்தாள்.

"அவர் ஒரு மொக்குத்தனத்தில சொல்லிப்போட்டார். உங்களுக்குக் கண் எங்க போனது? கல்லு தேயாட்டி, தேஞ்சது எதெண்டு பாத்தீங்களா? உள்ளுக்குச் செங்கல்லில வலது கால் வச்சு வச்சு ஒரு பள்ளம் கிடக்கு. மழைக்கு அதில தண்ணி நிண்டா நான்தான் துடைக்கிறனான். வெளியில படியிலயும் ஒரு பள்ளம். அதை அளந்தீங்களா?"

ஹெக்டர் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஒரு மெல்லிய தாளை எடுத்து விரித்தான். வாசலைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல ஒரு படம். நடுவில் கல் நேராக இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பள்ளங்கள், பென்சிலில், ஆழத்தோடு.

"நான் கீறினனான், ராத்தா. பெரியவர்தான் நிலத்தை நேர்கோடாப் போடச் சொன்னவர். செங்கல்லு கோயில் காலத்துப் பழசில்லை, அதுக்குப் பதிவு தேவையில்லை எண்டு சொன்னார். அதால நல்ல தாளில அது வரல்லை."

"நீங்க கண்டனீங்க. கண்டுபோட்டு நேர்கோடு போட்டனீங்க."

"அவர் பெரியவர்..."

"ச்சீ! அவராவது கொழும்பு ஆள், தெரியாது எண்டு விடலாம். நீங்க எங்கட ஒழுங்கையால பள்ளிக்கூடம் போனவர். பென்சில் உங்கட கையிலதானே இருந்தது? ஒரு மனிசன்ட சோத்தில மண் விழுறது தெரியாமத்தான் கோடு போட்டனீங்களா?"

ஹெக்டர் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை பெரியவர் வந்ததும் சொல்லிப் பார்க்கிறேன் என்றான். சொல்லிப் பார்க்கிறதா! அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரியும். செய்ய மாட்டாதவன்தான் சொல்லிப் பார்ப்பான். மூன்று நாளும் அவள் கடையைத் திறக்கவில்லை. அபூதாஹிர் பின்னறையில் கதிரையை யன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு இருந்தான். துறைமுகத்திலிருந்து லோஞ்சின் ஊதல் கேட்கும்போதெல்லாம் அவனுடைய கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடிக்கும். சந்தைக்குப் போனால் தன்னைக் கண்டதும் ஆட்களின் கதை நின்றுபோகிறது என்றான். அதற்குப் பிறகு அவன் சந்தைக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. தில்லையம்பலம் இறங்கினார், கோவையோடு ஹெக்டர் இறங்கினான், தம்பலகாமத்திலிருந்து கூட்டிவந்த கூலியாள் ஒருவன் கல்லைக் கிளப்ப அலவாங்கோடு இறங்கினான், பொலிஸ்காரர் இராசையா கடைசியாக இறங்கினார். இராசையாவின் வீடு அடுத்த ஒழுங்கை. அவர் சித்தி பரீதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒழுங்கை முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"இராசையா, உள்ளுக்குப் போய்க் குசினியில, கிணத்தடியில வேற கல்லு இருக்கோ பாரும்" என்றார் தில்லையம்பலம்.

இராசையா வந்தார். பொலிஸ் சப்பாத்தோடு படியில் இடது காலை வைத்தார், வாசற்கல்லைக் கடந்து வலது காலை உள்ளே வைத்தார், கடைக்குள் போனார். சித்தி பரீதா அதைப் பார்த்தாள்.

"நில்லுங்க!" அவள் போட்ட சத்தத்தில் இராசையா திடுக்கிட்டுத் திரும்பினார். "இப்ப என்ன செய்தீங்க?"

"என்ன செய்தனான்? உள்ளுக்கு வந்தனான்."

"எப்பிடி வந்தீங்க?"

"எப்பிடி வாறதோ அப்பிடித்தான். ஏன், சப்பாத்தைக் கழட்ட வேணுமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தில்லையம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பெண்பிள்ளை அரச வேலையைக் குழப்புகிறாள் என்று இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டு, கூலியாளுக்குக் கை காட்டினார். அவன் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுக் கல்லில், எழுத்தின்மேல் அப்படியே காலை வைத்து ஏறினான்.

"ஐயோ! காலை எடு!" என்று புஷ்பவதி எதிர்வீட்டுப் படலையிலிருந்து கத்தினாள். அவள் மட்டுமல்ல, கூட்டமே 'ஐயோ' என்றது. ஐஸ்பெட்டிச் சைக்கிளோடு நின்ற அன்ஸார், "எழுத்தில மிதிக்கிறான் பாருங்க" என்று கூவினான். கூலியாள் பயந்து கீழே இறங்கினான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் தம்பலகாமம்.

அப்போதுதான் ஹெக்டர் பேசினான். குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"சேர், அதான் கல்லு தேயல்லை. இந்த ஊர் ஆக்கள் அதை மிதிக்கிறேல்லை. நானும் மிதிக்கிறேல்லை. இவ்வளவு நாளும் எனக்கே தெரியாது. தேஞ்சது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் அளந்தனான், நீங்க நேர்கோடு போடச் சொன்னீங்க. இஞ்ச பாருங்கோ."

அவன் மெல்லிய தாளை விரித்தான். பிறகு முழந்தாளிட்டு, செங்கல்லின்மேல் நேர்மட்டப் பலகையை வைத்து, அடியில் அங்குலம் குறித்த அடிமட்டத்தை விட்டுக் காட்டினான். உள்ளே ஒன்றேகால் அங்குலம். வெளியே ஒன்றரை. இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஒரு பெரிய மனிதன் ஓர் எட்டு எடுத்து வைக்கும் தூரம். தில்லையம்பலம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, யாரும் கேளாமலே, தானே வெளியே இறங்கி, படியில் காலை வைத்து, கல்லைக் கடந்து உள்ளே வந்தார். அவருடைய வலது கால் போய் அந்தப் பள்ளத்துக்குள் இருந்தது.

"ம்" என்றார்.

ம்! ஒரு குடும்பத்தை மூன்று நாள் தலைகாட்டாமல் பண்ணியதற்கு ஒரு ம்! சித்தி பரீதாவுக்குக் கோபம் தணியவில்லை, இன்னும் கூடியது.

அவர் கெட்ட மனிதரில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைக்குள் இருந்த கதிரையில் அமர்ந்து, கோவையை மேசையில் வைத்துத் திறந்தார். துறைமுகக் கந்தோருக்கு இன்றைக்கே கடிதம் போகும், திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போகலாம் என்றார். கல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். பின்னறையிலிருந்து வந்து கதவோரமாக நின்ற அபூதாஹிர், "ஓம் சேர்" என்றான். பழைய பழக்கம்.

தில்லையம்பலம் பேனையை எடுத்து, வாசற்கல்லைப் பற்றிய அந்த நாலு வரியின் மேலே அடிமட்டம் வைத்து, வரிக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் திகதியும் போட்டார்.

சித்தி பரீதா எட்டிப் பார்த்தாள். இங்கிலீசு தெரியாவிட்டாலும் கண் தெரியும். கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்ததுபோல் நின்றது.

"இது அப்பிடியே தெரியுதே. இங்கிலீசு தெரிஞ்ச ஆர் எடுத்தாலும் என்ட புருஷன் கள்ளனெண்டு வாசிப்பானே. வடிவா அழியுங்க. இல்லாட்டி வேற தாளில எழுதுங்க."

"ஏலாது அம்மா. இது அரசாங்கப் பதிவு. ஒருக்கா எழுதினதை அழிக்கவோ கிழிக்கவோ ஒருத்தராலும் ஏலாது. வெட்டினது தெரியத்தான் வேணும். அதுதான் சட்டம்."

"நூறு வருஷத்துக்குப் பிறகும்?"

"நூறு வருஷத்துக்குப் பிறகும் இருக்கும்."

"அப்ப என்ட பேரப்பிள்ளைட பிள்ளையும் இதை வாசிக்கும்."

"போதும், விடுங்க" என்றான் அபூதாஹிர். "வேலை கிடைச்சிட்டுது."

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது!"

பேனை மேசையில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். கோவையைத் தன் பக்கம் திருப்பினாள். வெட்டிய வரிகளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறுந்தாள் இருந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினாள்.

*மேலே எழுதியிருப்பது பொய். எழுதியவர் எங்கள் வாசலால் நடந்து பார்க்காமல் எழுதினார். என் கணவர் அபூதாஹிர் கள்ளன் இல்லை. கயிற்றுக் கடை சித்தி பரீதா.*

தில்லையம்பலம் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "என்ன விசர் வேலை இது? அரசாங்கப் பதிவில உங்களுக்கு எழுத ஏலுமா?"

"எழுதிப்போட்டன். இனி அழிக்க ஏலாதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கோவையைப் பறிக்கக் கை நீட்டினார். அதற்குள் ஹெக்டர் அதைத் தன் பக்கம் இழுத்து, பையிலிருந்து மையொற்றும் தாளை எடுத்து, அவளுடைய ஈர எழுத்துகளின்மேல் வைத்து, ஒன்றும் கலைந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.